எட்டி விதைக்குள் ஒரு வழி

எட்டி மரத்தை எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டருகே விட்டுவைக்க மாட்டார்கள். ஆரஞ்சு நிறப் பழம் பார்க்க அழகுதான். விதை முழுக்க நஞ்சு. வட்டமாய், தட்டையாய், சாம்பல் நிற மென்மயிர் போர்த்திய அந்த விதையை ஒருமுறை ஊறவைத்து பிளேடால் சீவினேன். ஊறிய பிறகும் பிளேடு வழுக்கியது. (கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

தாவரச் செல்களுக்கு இடையே கொடுக்கல் வாங்கல் நடக்கும் பாதை முதலில் கண்ணில் பட்டது இந்த விதையில்தான். செர்னோவிட்ஸ் பல்கலைக்கழகத்தின் எடுவார்ட் டாங்கிள், 1879-ல் எட்டி விதையின் கருவூண் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தார். தடித்த செல்சுவர்களைக் குறுக்கே கடக்கும் மெல்லிய இழைகள் தெரிந்தன. இவற்றுக்கு 'பிளாஸ்மோடெஸ்மேட்டா' என்ற பெயரை 1901-ல் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் வைத்தார்.

இந்தப் பாதையை வெறும் ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது. சுமார் 50 நானோமீட்டர் அகலம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் குழாய்க்குள் குழாய் செருகிய அமைப்பு. வெளிக்குழாய், செல்லைப் போர்த்தியிருக்கும் பிளாஸ்மா சவ்வு. அது சுவரின் விளிம்போடு நின்றுவிடாமல் துளைக்குள் இறங்கி, அப்படியே அடுத்த செல்லின் சவ்வாகத் தொடர்கிறது. நடுவில் ஓடும் உட்குழாய் டெஸ்மோடியூபியூல்: செல்லுக்குள் பரவியிருக்கும் எண்டோபிளாச வலையின் ஒரு கிளை, ஏறக்குறைய 15 நானோமீட்டராக இறுகிப்போனது. செல் இரண்டாகப் பிரியும்போது நடுவே புதுச் சுவர் எழும்புகிறது. அதில் சிக்கிக்கொண்ட வலை இழைகளே பெரும்பாலும் இப்படி ஆகின்றன. இரு சவ்வுகளுக்கும் நடுவே மிஞ்சும் ஒடுங்கிய இடுக்கில்தான் சர்க்கரையும் அயனிகளும் போய்வருகின்றன.

ஆக, பக்கத்துச் செல்லோடு எல்லாம் பொது: சவ்வு பொது, உள்வலை பொது. இதைத் தனித்தனிச் செல் என்று எப்படிச் சொல்வது?

பொதுவழி என்றால் திருடனும் வருவான். புகையிலைத் தேமல் வைரஸின் தடிமன் 18 நானோமீட்டர். முழு உருவில் அந்த இடுக்கில் நுழைய முடியாது. அதனால் அது ஒரு புரதத்தைத் தயாரித்து வழியை அகலப்படுத்தி, தன் ஆர்.என்.ஏ.வை மட்டும் அடுத்த செல்லுக்கு அனுப்புகிறது. செடியும் சும்மா இருப்பதில்லை. துளையின் கழுத்தைச் சுற்றிக் கேலோஸ் என்ற பல்சர்க்கரைப் பொருளைப் படியவைத்து வழியை நெரிக்கும்.

இலைத்துளையைக் காக்கும் காப்புச்செல்கள் இந்தப் பொதுவழிக்கு ஒரு விலக்கு. முதிர்ந்ததும் அண்டைச் செல்களோடு இருந்த இந்த வழிகளை அவை இழந்துவிடுகின்றன. தம் இஷ்டத்துக்கு உப்பி, சுருங்கி, துளையைத் திறந்து மூட அந்தத் தனிமை தோதாக இருக்கிறது.

பள்ளியில் தாவரச் செல்லை நான்கு பக்கமும் அடைத்த பெட்டியாகவே வரைந்து மதிப்பெண் வாங்கினோம். இன்று படம் போடச் சொல்லும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: சுவருக்கு நாலு இடைவெளியாவது விடச் சொல்லுங்கள்.