நடுப்பல் தேய்ந்த வண்டி

அம்பாசடரின் ஸ்டியரிங் நடுவில்தான் முதலில் தேயும். வண்டி ஓடுவதில் பெரும்பங்கு நேர்ச்சாலை. ராக் பார் என்ற பற்கம்பியின் நடுவிலுள்ள சில பற்கள்தான் பினியன் என்ற சிறு பற்சக்கரத்தோடு ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். ஓரத்துப் பற்களுக்கு வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது மட்டுமே வேலை. கோயில் படிக்கட்டு நடுவில் குழிந்து, ஓரத்தில் கூர் மழுங்காமல் நிற்குமே, அதே கதை.

சிந்தாதிரிப்பேட்டைச் சந்து ஒன்றில் இருக்கும் பட்டறையில் இதை எனக்குச் சொன்னவர், ஐம்பது வயது தாண்டிய மெக்கானிக். என் நண்பரின் அப்பா வாங்கிய 1984 மார்க் 4 அம்பாசடர் குழிமேல் நின்றது. உள்ளே உட்கார்ந்த பையன் சக்கரத்தை இடமும் வலமுமாக லேசாக அசைக்க, இவர் கீழே நின்று ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துக்கொண்டே வந்தார். விளக்கு இருந்தது, அதை அவர் பயன்படுத்தவில்லை. டை ராடு எண்டு கையில் துடித்தால் அது போயிற்று. உள் பால் ஜாயிண்ட் ரப்பர் பெல்லோஸுக்குள் ஒளிந்திருக்கிறது. அதை ரப்பரோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கிங் பின்னையும் வீல் பேரிங்கையும் தனியாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இருக்கு. எண்டு ரெண்டும் போச்சு. ராக்கும் போச்சு" என்றார்.

நண்பர் ராக்கை விட மனமில்லாமல், "டைட் பண்ண முடியாதாண்ணே?" என்று கேட்டார்.

"பண்ணலாம் சார். ஷிம்மு ரெண்டு உருவிட்டா நடுவுல ஆட்டம் போயிடும். ஆனா முழுசா ஒடிச்சீங்கன்னா அங்க புடிச்சிக்கும். ஓரத்துப் பல்லு தேயலையே! திரும்பின வண்டி நேரா வராது. அப்புறம் என்னைத் தேடுவீங்க."

பல இடங்களில் செய்வது என்னவோ ஷிம் என்ற மெல்லிய தகட்டை உருவும் இந்த வேலைதான். வாடிக்கையாளர் பட்டறை வாசலைத் தாண்டும்வரை ஸ்டியரிங் அருமையாக இருக்கும்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அப்படியே எடுத்துக்கொண்டு, 1950-களின் இறுதியில் வங்காளத்தின் உத்தர்பாராவில் தொடங்கிய அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. முகம் கொஞ்சம் மாறும், உடம்பு மாறாது. அதனால் சாமானும் எல்லாம் ஒன்றுதான் என்று ஒரு நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு. ஆனால் மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா, பிறகு 1990-களில் இசுசு எஞ்சின் வைத்த 1800 என்று வண்டி உள்ளுக்குள் மாறிக்கொண்டே வந்தது. கடைசிக் காலத்தில் பவர் ஸ்டியரிங்கோடும் சில வந்தன. இதைவிடப் பெரிய சிக்கல், நாற்பது வருடம் ஓடிய எந்த அம்பாசடரும் ஆலையிலிருந்து வந்த அம்பாசடராக இருப்பதில்லை. ஏதோ ஒரு விபத்துக்குப் பிறகு யாரோ டாக்ஸியின் முன்பாகத்தைத் தூக்கி மாட்டியிருப்பார்கள். ஆர்.சி. புத்தகம் சொல்லும் வருடத்துக்கும், அடியில் தொங்கும் இரும்புக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே பழைய சாமானைக் கழற்றி, கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனோம். கார் உதிரிபாகக் கடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் தெரு. நாங்கள் நுழைந்த கடையின் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவர் மாடல் கேட்கவில்லை, வருடம் கேட்கவில்லை.

"பழசு இருக்கா?"

கோணியைப் பிரித்தோம். எண்டை எடுத்துத் துணியால் ஒரே துடை. பெட்டிகளிலிருந்து இரண்டு புது எண்டுகளை இறக்கி அதன் பக்கத்தில் வைத்தார். என் கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. அவர் ஒன்றை உடனே பெட்டியில் போட்டு மூடினார். மரை சரி, நீளம் சரி, பின்னின் சரிவுதான் வேறு என்றார்.

டை ராடு எண்டின் உயிர் அந்தச் சரிவில் இருக்கிறது. பந்துக்குக் கீழே நீளும் பின் நேர் உருளை அல்ல. நட்டுப் பக்கம் ஒடுங்கிக்கொண்டே போகும். ஸ்டியரிங் ஆர்மிலுள்ள துளையும் அதே அளவில் ஒடுங்கும். நட்டை முறுக்கும்போது இரண்டும் ஒன்றில் ஒன்று இறுகிக் கவ்விக்கொள்ளும். பாரத்தைத் தாங்குவது அந்தக் கவ்வல். நட்டின் வேலை அதை விடாமல் பிடித்துவைப்பது மட்டும். சரிவு மயிரிழை மாறினாலும் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். நட்டு இறுகிவிட்டது என்று கை சொல்லும். உள்ளே பின் அசைந்துகொண்டிருக்கும். கொஞ்ச நாளில் துளை முட்டையாகிவிடும், அல்லது பின்னே முறியும்.

நண்பர் வெர்னியர் இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், அளக்க விட்டார், முகத்தில் சிரிப்பு மட்டும் மாறவில்லை. அளவு அவர் சொன்னபடியே இருந்தது.

"ஃபியட்டுன்னா உங்களை நானே அளந்து பாக்கச் சொல்வேன்" என்றார். ஃபியட் என்று அவர் சொன்ன பிரீமியர் பத்மினி இத்தாலிய வம்சம். மரையெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. அம்பாசடர் ஆங்கிலேய வம்சம், அங்குலக் கணக்கு. பத்மினியில் ராக் கிடையாது. வார்ம் ரோலர் பெட்டி, அதிலிருந்து கைகள், இணைப்புக் கம்பிகள், மறுபக்கம் ஐட்லர் ஆர்ம் என்று மூட்டுகள் அதிகம். இடது மரை எண்டும் வலது மரை எண்டும் கலந்து வரும். அவசரத்தில் ஒரே மரையில் இரண்டு வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேராம்.

அப்படியானால் ஹெரால்டு? கேட்டவன் நான். ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் பிறந்த கார். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அந்தக் காலத்தில் அதன் பெருமை. "அதுக்கு இங்க தேடாதீங்க, லண்டன்ல கேளுங்க" என்றார். வேடிக்கைப் பேச்சில்லை. ஹெரால்டின் தாயான டிரையம்ஃபுக்குப் பிரிட்டனில் இன்றும் உதிரிபாகம் விற்கிறார்கள். அங்கேயும் வலக்கை ஓட்டம் என்பதால் ராக் பொருந்தும் வாய்ப்பு உண்டு. ஸ்டியரிங் சாமான் செய்யும் ஊர் என்று பெயரெடுத்த ஊர்தான் சென்னை. ரானே நிறுவனம் 1960-களிலிருந்து இங்கே டை ராடு எண்டு செய்கிறது. இருந்தும் நின்றுபோன வண்டிக்கு எந்த ஆலையும் தனியாக அச்சு எடுக்காது.

எண்டுகள் கிடைத்துவிட்டன. புது ராக் இல்லை. புதுப்பேட்டைக்குப் போகச் சொல்லி அவரே வழிகாட்டினார்.

கூவத்துக்கும் எழும்பூருக்கும் நடுவே புதுப்பேட்டைச் சந்துகளில் நடக்கும்போது தலையைக் குனிந்தே நடக்க வேண்டும். மேலே கதவுகளும் பம்பர்களும் தொங்கும். ஒரு வாசலில் மூன்று இளைஞர்கள் ஒரு வேனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கேஸ் கட்டர் வைத்து அறுத்தால் அரை மணி நேர வேலை. ஆனால் முன் பாகத்தில் மட்டும் அவர்கள் ஸ்பானர் போட்டு, துருவில் எண்ணெய் விட்டு, காத்திருந்து கழற்றினார்கள். சூடு பட்ட ஸ்டியரிங் சாமானை விவரம் தெரிந்தவன் வாங்கமாட்டான். இவர்களுக்குச் சம்பளம் பிரித்த வண்டிக் கணக்கில் வருகிறது. பொறுமைக்குத் தனிக் கூலி கிடையாது. வெறும் செருப்போடு நின்று இதைச் செய்கிறார்கள் என்பதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

ராக் வைத்திருந்த பாய் கடையில் நாலைந்து கிடந்தன. மெக்கானிக் வந்துசேர்ந்தார். பினியன் தலையிலுள்ள ஸ்ப்லைனைப் பழையதோடு ஒப்பிட்டார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினார். பிறகு பாரை வெளியே உருவி, பாயின் மேஜைமேலிருந்த கண்ணாடியில் வைத்து உருட்டினார். வளைந்த பார் துள்ளும். முதலாவது துள்ளியது. இரண்டாவது துள்ளவில்லை, ஆனால் பெல்லோஸ் கிழிந்தே பல காலம் ஓடியிருக்கிறது. கிழிசல் வழியாக எண்ணெய் போய், மணல் வந்து, குழாயின் உட்புறம் கோடு கோடாக இருந்தது. மூன்றாவதன் நடுப்பற்களை நகத்தால் வருடியவர் ஓரப்பற்களையும் வருடினார்.

"இது எங்கயோ வீட்ல நின்ன வண்டிது. பாய், இதுக்கு எவ்ளோ?"

பேரம் நீளமாக நடந்தது, அதை விட்டுவிடலாம். பேரத்தின் நடுவே நண்பர், கொசுறாக ராக்கோடு கிடந்த பழைய எண்டுகளையும் கேட்டார், அவசரத்துக்கு ஆகுமே என்று. பாய் மறுத்துவிட்டார். "அது எடைக்குப் போற இரும்பு தம்பி. பந்து உள்ள எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாது. ராக்கைப் பிரிச்சுப் பாக்கலாம், அதை எப்படிப் பாப்பீங்க?" பழைய பொருள் விற்றே பிழைக்கும் தெருவில் விற்கமாட்டேன் என்ற சொல்லைக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. எல்லாக் கடையிலும் அது கேட்காது என்பதையும் அடுத்த வாசலிலேயே பார்த்தேன். அங்கே எண்டுகளைக் கழுவி, கறுப்புப் பெயின்ட் அடித்து வெயிலில் காயவைத்திருந்தார்கள்.

பட்டறையில் மாட்டும் வேலை ஒரு மாலையில் முடிந்தது. மறுபக்கத்தில் மாட்டியிருந்த பழைய எண்டைக் கழற்ற, ஸ்டியரிங் ஆர்மின் கண்ணில் இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியல் வைத்து ஒரே நேரத்தில் அடித்தார்கள். கவ்வியிருந்த பின் தானாகக் கீழே விழுந்தது. பின்னின் நுனியில் அடித்துக் கழற்றுகிறவர்கள் மரையை நசுக்குவார்கள் என்று பையனுக்குப் பாடம் நடந்தது. புது பின்னின் சரிவில் நீல மை தடவி, துளையில் ஒருமுறை அழுத்தி எடுத்தார் மெக்கானிக். மை சுற்றிலும் ஒரே சீராக அழிந்திருந்தது. அப்புறம்தான் நட்டு, அதற்குமேல் புது ஸ்ப்ளிட் பின். டயரின் நடுவே சாக்குக்கட்டியால் கோடு போட்டு, முன்புறமும் பின்புறமும் டேப் வைத்து டோ, அதாவது முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்று, பார்த்தார். இது அலைன்மென்ட் கடைவரை போகத்தான், நாளைக்கு மெஷினில் காட்டிவிடுங்கள் என்றார்.

பழைய ராக்கின் குழாயை அவரே வைத்துக்கொண்டார். பாரை எடைக்குப் போடுமுன் பற்களின்மேல் கிரைண்டரை ஓடவிட்டார். ஏன் என்று நண்பர் கேட்டார். "இல்லாட்டி அடுத்த வாரம் கறுப்பு பெயின்டோட உங்களுக்கே விப்பாங்க சார்" என்றபடி கூலியைக் கணக்குப் போட உட்கார்ந்தார்.