நாளுக்கு இரண்டு ரூபாய்

போன வாரம் பேரன் கைபேசியில் ஒரு விடுதியின் படத்தைக் காட்டினான். தென்னைகளுக்கு நடுவே குடிசை மாதிரி ஜோடித்த அறை, ஓர் இரவுக்கு 4,500 ரூபாய். "கடலைப் பார்த்துக்கிட்டு அமைதியா இருக்கலாம் தாத்தா" என்றான். எனக்கு வீராம்பட்டினமும் அந்த ஆயாவும் நினைவுக்கு வந்துவிட்டார்கள். இத்தனை வருஷம் வீட்டில்கூடச் சொல்லாத ஒரு விஷயத்தை இன்று எழுதிவிடுகிறேன்.

1977 ஜனவரி. நான் புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். படித்ததெல்லாம் பிரெஞ்சு. ஆபீசில் கோப்புகளெல்லாம் ஆங்கிலம். படித்த பாஷை பெட்டியில் மடித்து வைத்த கல்யாணப் பட்டு மாதிரி கிடந்தது. ஒருநாள் எங்கள் பியூன் வந்து, "சார், எங்க ஊர்ல ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்து தங்கியிருக்கான். அவன் பேசறது யாருக்கும் புரியல" என்றார். அன்று மாலையே சைக்கிளை மிதித்து அரியாங்குப்பம் வழியாகப் போனேன்.

பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். லியோன் பக்கத்து ஆள். இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், லாகூர் என்று பஸ் மாறி மாறித் தரைவழியாகவே இந்தியா வந்தவன். அப்போது அப்படி வருகிறவர்கள் நிறையப் பேர். 1979இல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் ரஷ்யப் படை என்று ஆனதும் அந்தப் பாதை அடைபட்டுப் போயிற்று. "போன்ழூர் முசியே" என்று நான் மரியாதையாக "வூ" போட்டுப் பேச, அவன் எடுத்ததுமே "தூ" என்று ஒருமையில் அழைத்தான். எங்கள் பள்ளியில் வாத்தியாரை அப்படி அழைத்திருந்தால் பிரம்படிதான்.

வலை போட்டு வைக்கும் சாய்ப்பு ஒன்றை ஆயா அவனுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். நாளுக்கு இரண்டு ரூபாய். காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் மீன் குழம்பும் அதிலேயே அடக்கம். குளியல் கிணற்றடியில், மற்றதெல்லாம் ஊரார் போகும் இடத்தில். இத்தனை அமைதியான கடற்கரையைத் தன் பயணத்தில் எங்குமே பார்க்கவில்லை என்றான். நான் ஆயாவிடம் சொன்னதும் அவர் சிரித்தார். "விடியக்காலம் மூணு மணிக்குக் கட்டுமரம் தள்ளறப்ப இந்தப் புள்ள தூங்குது தம்பி, அதான்." பிறகு அவனும் எழுந்து கரைவலை இழுக்கப் போனான். கூலியாக நாலு சங்கரா மீன் கிடைத்த அன்று அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்பா அனுப்புவதாகச் சொன்ன பணத்துக்காக வாரம் இரண்டு தடவை பெரிய தபாலாபீசுக்கு நடந்தே போய் வந்தான். பணம் வரவில்லை. முப்பத்து நாலு நாள் தங்கினான். கொடுத்தது இருபது ரூபாய், பாக்கி நாற்பத்தெட்டு. கிளம்பும் அன்று என்னிடம், "உண்மையைச் சொல்லிவிடு. எப்போது தர முடியும் என்று எனக்கே தெரியாது. ஒருவேளை முடியாமலே போகலாம்" என்றான்.

ஆயா என் முகத்தையே பார்த்தார். "இன்னா சொல்லுது புள்ள?"

"ஊருக்குப் போய் ஒரு மாசத்துல அனுப்பிடறானாம் ஆயா."

ஏன் அப்படிச் சொன்னேன்? 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று கேட்டபோது அப்பா வேண்டாம் என்றார். சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். நான் பார்க்காத அந்த தேசம் என் பாடப் புத்தகத்தில் அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதன் பிள்ளை ஒருவன் ஒரு கிழவியிடம் "தர முடியாது" என்பதை என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் மானத்தைக் காப்பாற்றினேன் என்று அன்று நினைத்தேன். காப்பாற்றியது என் மானத்தைத்தான்.

மார்ச் சம்பளத்தில் நாற்பத்தெட்டு ரூபாய் எடுத்துப் போய், பிரான்சிலிருந்து வந்தது என்று கொடுத்தேன். ஆயா கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாத்தியா, வெள்ளக்காரன் சொன்னா சொன்னதுதான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அவனுக்கு அனுப்பச் சொல்லி ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடும் தந்தார். அம்மா அதைக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வருஷம் இன்னொரு வெள்ளைக்காரன் வந்தான். ஆயா முன்பணம் கேட்கவில்லை. முன்னால் வந்தவன் அனுப்பினானே என்ற நம்பிக்கை. இரண்டு மாதம் இருந்துவிட்டு ஒரு விடியற்காலையில் சொல்லாமல் போய்விட்டான். நூறு ரூபாய்க்கு மேல் பாக்கி.

ஆடித் தேர் அன்று, கவர்னர் வடம் பிடித்துத் தேர் நகர்ந்த பிறகு, கூட்டத்தில் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இவனும் அனுப்புவான் இல்ல?"

அப்போது தங்கை கல்யாணக் கடன் கழுத்து வரைக்கும் இருந்தது. "அனுப்புவான் ஆயா" என்றேன். அடுத்த ஆடியிலும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். அதற்கடுத்த ஆடியில் கேட்க ஆயா இல்லை.

முதல் பையன் ஒன்றும் ஏமாற்றவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னான். நான்தான் மாற்றிச் சொன்னேன்.

பேரனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "போனால் கணக்கைத் தீர்த்துவிட்டுக் கிளம்பு" என்று மட்டும் சொன்னேன். "எல்லாம் முன்னாடியே கட்டியாச்சு தாத்தா, கட்டாம உள்ளயே விடமாட்டாங்க" என்று சிரித்தான்.