உவர்

வேதாரணியத்துக்குச் சற்று வடக்கே, கடலலை காதில் விழும் தூரத்தில், எங்கள் பாட்டியார் வீடு இருந்தது. கொல்லைக் கிணற்று நீர் அவ்வளவு தித்திப்பு; ஊரார் வந்து குடங்குடமாக மொண்டு செல்வார்கள். கடற்கரையில் இஃது எப்படி என்று நேயர்கள் வியக்க வேண்டாம். மணல் மேட்டில் இறங்கிய மழைநீர் கடல்நீரினும் கனம் குறைந்ததாகையால், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும்.

பின்னர் சுற்றுப்புறத் தோட்டங்களில் ஆழ்குழாய்கள் இறங்கின. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால் அடியிலுள்ள உப்புநீர் ஏறக்குறைய 40 அடி மேலேறிவிடும் என்பது நூலோர் கணக்கு. ஒரு கோடையில் எங்கள் வீட்டுப் பருப்பு வேக மறுத்தது.

"கிணறு உவராகிவிட்டதே, பாட்டி!" என்றேன்.

"அந்தப் பேச்சே வேண்டாமடா! கொஞ்சம் கரிக்கிறது, அவ்வளவுதான்" என்றார்.

ஒரு சொல்லின்மேல் ஏன் இத்தனை கோபம்? அகராதியைப் புரட்டினேன். உப்பும் உவரும் ஒரே வேரிற் கிளைத்தவை. தெலுங்கருக்கும் கன்னடியருக்கும் மலையாளிகளுக்கும் உப்பு உப்புத்தான். உவர் என்பதும் மலையாளத்தில் உண்டு. கடலுக்கே உவரி என்று பெயர். நெல்லைக் கரையில் அப்பெயர் பூண்ட ஊரும் இருக்கிறது. அறுசுவையில் உவர்ப்பு ஒன்று. வண்ணார் துணி வெளுத்த உவர்மண்ணும் இக்குடும்பத்ததே. இவ்வளவும் சரி, ஆனால் உவர்த்தல் என்றால் வெறுத்தல் என்றும் பொருள் கண்டிருக்கிறது! வாயிலிட்டதும் துப்பத் தோன்றும் நீரிலிருந்தே இப்பொருள் பிறந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். புலவர்கள் பொறுப்பார்களாக.

இதே கரையில்தான் 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜி உப்பெடுத்துச் சிறை புகுந்தார். உவர் நிலத்தில் தானே பூக்கும் உப்பை அள்ள அத்தனை பேர் அடிபட்டார்கள். அதே உப்பு குடிநீர்க் கிணற்றில் புகுந்தபோது அதன் பெயரைச் சொல்லவும் பாட்டியாருக்கு நாக் கூசியது.

நாள்தோறும் விடியலில் ஒரு கை நீர் மொண்டு வாயிலிட்டுப் பார்ப்பார். லாரித் தண்ணீருக்கு அயலார் குடங்களை வரிசையில் வைத்தபோதும், எங்கள் குடத்தை வைக்க அவர் ஒப்பவில்லை. கடைசி ஆண்டில் நானே எடுத்துப்போய் வைத்தேன். திண்ணையிலிருந்த பாட்டியார் பார்த்தும் பாராதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.