கல்லின் ஊர்

யாழ்ப்பாணத்து மூத்தோருள், ஒரு கவளம் சோற்றை வாயிலிட்டதும் ‘இது பூநகரி மொட்டைக்கறுப்பன்’ என்று கூறவல்லோர் பலர் இருந்தனர். விளைந்த மண்ணின் இயல்பு நெல்லிலே தங்கிவிடுகின்றது. மணிக்கல்லிலும் பிறந்த நிலத்தின் அடையாளம் உண்டு; ஆயின் அதனை நாவினாலோ கண்ணினாலோ அறிதல் அரிது. அதனை அறிய உதவும் வழிகளுள் ஒன்று சமதானிப் பகுப்பாய்வு.

ஒட்சிசன் அணுக்கள் யாவும் ஒரே திணிவுடையன அல்ல. ஆயிரத்துள் ஏறத்தாழ 998 அணுக்களின் திணிவெண் 16. ஏறத்தாழ இரண்டின் திணிவெண் 18. மரகதம், மாணிக்கம், நீலக்கல் ஆகிய அனைத்திலும் ஒட்சிசன் உண்டு. கல் உருவாகிய வேளையில் அதனைச் சூழ்ந்திருந்த பாறையும் நீர்மமும் வெப்பமும் இவ்விரண்டின் விகிதத்தை நிருணயிக்கின்றன. சலவைக்கற் பாறையிற் பிறந்த மாணிக்கத்திற் பார ஒட்சிசன் மிகுந்திருக்கும். எரிமலைப் பாறை சுமந்துவந்த மாணிக்கத்தில் அது குறைந்திருக்கும்.

2000 ஆம் ஆண்டிலே கஸ்தோன் யூலியானி என்னும் பிரெஞ்சு அறிஞரும் அவர்தம் குழுவினரும் இம்முறையாற் பழைய மரகதங்கள் சிலவற்றை ஆராய்ந்தனர். அயன் கற்றை கல்லிலே விட்ட வடு கண்ணுக்குப் புலப்படாத சிறுமையது. உரோமர் காலத்துப் பிரான்சிற் புழங்கிய காதணியொன்றின் மரகதம் இன்றைய பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கினது எனக் கண்டனர். கீழைத்தேயப் பழஞ்சுரங்கத்தின என்று போற்றப்பட்ட ஐதராபாத் நிசாமின் மரகதங்களுட் சில, கடல் கடந்து கொலம்பியாவிலிருந்து வந்தவையாயிருந்தன.

இவ்வாய்வு பூநகரிக்கு என் செய்யும்? பூநகரி சுண்ணக்கல்லும் மணலும் பரந்த நிலம். மணிக்கற்களைத் தரும் பளிங்குப் பாறை அங்கே வெளிப்படுவதில்லை. ஆயினும் பேராசிரியர் ப. புஷ்பரட்ணத்தின் களஆய்வுகள் அங்கே கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களையும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தன. கடனீரேரிக்கு அப்பால், கந்தரோடையிற் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. ஆகவே, பூநகரி மண்ணில் மணிக்கல் ஒன்று கிடைக்குமாயின், அது வந்த கல் என்பதில் ஐயமில்லை. இரத்தினபுரியிலிருந்தா, கொங்குநாட்டிலிருந்தா, கூர்ச்சரத்திலிருந்தா என்பதே வினா.

இங்கே நிதானம் வேண்டும். சுரங்கங்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டாலன்றி விகிதம் வெறும் எண்ணே. இரு சுரங்கங்கள் ஒரே விகிதத்தைக் கொண்டிருத்தலும் கூடும். அப்போது சுவட்டு மூலகங்களின் சான்றும் தேவை. இரத்தினபுரிக் கற்களோ தாய்ப்பாறையைப் பிரிந்து, ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படையிற் கலந்து கிடப்பவை.

இவற்றினும் பெரிய எல்லை ஒன்றுண்டு. கல்லின் ஊர் வேறு. அதனை அணிந்தவரின் ஊர் வேறு. சுவாத் மரகதத்தை அணிந்தமையால் உரோமர் காலத்துப் பெண்ணொருத்தி சுவாத் நாட்டவள் ஆகிவிடவில்லை. ஒருவர் இளமையில் வாழ்ந்த நிலத்தை அறியப் பல்லின் மிளிரியிலுள்ள ஸ்ரோன்சியச் சமதானிகளை ஆராய்தல் வேண்டும். யார் முந்தியவர், யார் வந்தவர் என்னும் வழக்கு ஓயாத இந்நாட்டிலே, ஒரு மணியைக் காட்டி ஓர் இனத்தின் பூர்வீகத்தை நிறுவ முயல்வார் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. கல் பேசுவது தன்னைப் பற்றியே. அது எத்திசைகளோடு இம்மண் உறவு கொண்டிருந்தது என்பதைச் சொல்லும், அவ்வளவே. அதுவும் சிறிய செய்தியன்று.

அந்தச் செய்திக்கும் இடம் தெரிதல் வேண்டும். பதுங்குகுழிகளும் மண்ணணைகளும் வன்னி நிலத்தின் படைகளைப் பல இடங்களிற் புரட்டிவிட்டன. கருவி கல்லின் பிறப்பிடத்தைக் கூறலாம். அது எந்த ஓட்டின் அருகே, எந்தப் படையிற் கிடந்தது என்பதைக் கூறாது. மழை கழுவிய மேட்டில் மணியொன்றைக் காணும் மாணவன், அதனைச் சட்டைப்பையில் இடுமுன் ஒரு கணம் நிற்பானாக. அவன் கை அதனை எடுத்துவிட்டால், எஞ்சுவது அழகிய கல் ஒன்று மட்டுமே.