பின்கதவும் திறவுகோலும்

தமிழில் பூட்டுக்கு உறவான சொற்கள் மிகப் பல. தாழ், தாழ்ப்பாள், கொண்டி, நாதாங்கி, கணையம் என எண்ணத் தொடங்கினால் விரல்கள் போதா. வள்ளுவப் பெருந்தகையும் அன்புடைமை அதிகாரத்தின் முதற் குறளிலேயே தாழைப் பற்றிப் பேசுகிறார். இன்று நம் வாயில் புழங்கும் 'சாவி' என்பது போர்த்துகீசியரோடு கடல் கடந்து வந்த சொல், நமக்குரியது திறவுகோல். கோல் என்னும் அப்பெயரே, பழைய நாளின் திறவுகோல் சட்டைப்பையில் அடங்கும் சிறு தகடாக இருந்திராது என எண்ண வைக்கிறது. அரபியர் 'மிஃப்தாஹ்' என்பர். அச்சொல்லும், நாம் தொழுகையில் நாள்தோறும் ஓதும் 'ஃபாத்திஹா'வும், இறைவனின் திருநாமங்களுள் ஒன்றாகிய 'அல்-ஃபத்தாஹ்' என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. சொல்லாராய்ச்சி செய்வார்க்கு இவையெல்லாம் இனிக்கும். நமக்கோ இச்சொற்களின்மீது திடீரென நாட்டம் பிறந்ததற்குக் காரணம், நம் ஜமாஅத்து வேனின் பின்கதவு திறக்க மறுத்ததேயாகும்.

வேன் பழையது. பக்கவாட்டில் நகரும் கதவும், பின்புறத்தில் மேல்நோக்கித் திறக்கும் கதவும் உடையது. அப்பின்கதவை 'டிக்கி' என்றே ஊரார் அழைப்பர். நோயாளியையும் அது சுமக்கும், மையத்தையும் சுமக்கும். 2008ஆம் ஆண்டில் தமிழகத்தில் 108 சேவை தொடங்கிய பிறகு இத்தகைய வண்டிகளுக்கு வேலை இராது என்று சிலர் கருதினர். அவ்வாறு ஆகவில்லை. 108 அவசரத்துக்கு உரியது. வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று திரும்புகின்ற ஏழைக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்த நிலையிலேயே வீடு திரும்ப வேண்டியவருக்கும் ஜமாஅத்து வண்டியே கதி.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓரிரவு, மூச்சுத் திணறலால் துடித்த ஒரு மூதாட்டியை ஏற்றிக்கொண்டு அவ்வண்டி மருத்துவமனையை அடைந்தது. ஓட்டுநர் இறங்கிப் பின்கதவின் கைப்பிடியை இழுத்தார். கதவு அசையவில்லை. சாவியைச் செருகித் திருப்பினார். சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. உள்ளே படுக்கை வண்டியின் நீளத்துக்கு நீளமாகக் கிடக்கிறது. அதைப் பக்கக் கதவின் வழியே திருப்பி எடுக்க இயலாது. மகன் உள்ளே ஏறி, விரித்திருந்த போர்வையின் நான்கு முனைகளையும் பிறர் பற்ற, தாயைத் தூளியில் எடுப்பதுபோல் எடுத்துப் பக்கக் கதவின் வழியே இறக்கினார். ஏழெட்டு நிமிடங்கள் அதிலேயே கழிந்தன. மூதாட்டி பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஏழெட்டு நிமிடங்களை அம்மகன் ஊரெங்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்வதற்கு அவருக்கு உரிமை உண்டு.

மறுநாள் மஃரிபுக்குப் பின் நிருவாகத்தினர் கூடினர். நாமும் உடனிருந்தோம். ஒரு பழுதுநீக்கும் நிலையத்தில் காட்டியபோது, பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டும், உறுப்பு வந்துசேரப் பத்து நாள் ஆகும் என்று கூறிவிட்டனராம். "பழைய வண்டிதானே, விற்றுவிடலாம்" என்றார் ஒரு பெரியவர். பொருளாளர் அதற்கு ஒப்பவில்லை. "இது ஊராரின் அமானிதம், ஹாஜியார். ஒரு பூட்டுக்காக வண்டியை விற்றோம் என்று நாளை யாரிடம் சொல்வது?" என்றார்.

அமானிதம் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் நினைவு கஅபாவின் திறவுகோலுக்குச் சென்றது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, அஃதாவது கி.பி. 630இல், மக்கா வெற்றியின்போது பெருமானார் (ஸல்) அவர்கள் அத்திறவுகோலை உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து பெற்று, மீண்டும் அவரிடமே ஒப்படைத்த வரலாற்றை நம்மில் அறியாதார் இலர். பனூ ஷைபா குலத்தாரிடம் அது இன்றளவும் இருந்து வருகிறது. திறவுகோல் கையில் இருப்பது ஒருவகைப் பெருமை. கதவு திறக்கும் நிலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது அதனினும் கடினமான பொறுப்பு. ஜமாஅத்து வண்டியின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்ளப் பலர் முன்வருவர். பூட்டுக்கு ஆண்டுக்கொருமுறை மசகிட யார் முன்வந்தார் என்று அக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எவரும் விடை கூறவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினர். நம் துறையில் இரண்டாம் ஆண்டு இளங்கலைத் தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் மாலை நேரங்களில் தம் மாமாவின் பட்டறையில் வேலை செய்கிறார். அவரை வரவழைத்திருந்தோம். வந்தவர் கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, "ஐயா, முதலில் யாரும் சாவியை முறுக்க வேண்டாம். உள்ளே முறிந்துவிட்டால் வேலை இரட்டிப்பாகிவிடும்" என்றார்.

பூட்டின் அமைப்பை அவர் விளக்கிய விதம் வகுப்பறைக்கு ஏற்றது. வண்டியின் அடிச்சட்டத்தில் வளையம்போல் வளைந்த தடித்த கம்பி ஒன்று நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. கதவில் நண்டின் கொடுக்கைப் போன்ற இரும்புத் தகடு சுழல்கிறது. கதவை அறைந்து மூடும்போது கம்பி கொடுக்கின் வாயில் புகுந்து அதைச் சுழற்றும். சுழன்ற கொடுக்கு திரும்பிவிடாதபடி ஒரு பல் விழுந்து பிடித்துக்கொள்ளும். அப்பல் இரண்டு படிகளில் விழும்; முதற்படியோடு நின்றால் கதவு மூடியதுபோல் தோன்றும், ஆயினும் ஆடும். நாம் கைப்பிடியை இழுக்கும்போது கொடுக்கை நேரே தொடுவதில்லை. ஒரு மெல்லிய கம்பித்தண்டின் வழியாகப் பல்லைத் தூக்குகிறோம், அவ்வளவே. பல் தூக்கப்பட்டதும் சுருள்வில் கொடுக்கைத் திருப்பிவிடும். சாவி செய்யும் வேலையோ இன்னும் சிறியது. கைப்பிடிக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள தொடர்பை அனுமதிப்பதும் தடுப்பதுமே அதன் கடமை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அல்-ஜஸரீயின் நினைவு வந்தது. இன்றைய துருக்கியின் தியார்பக்ர் நகரில் அர்துகிய மன்னர்களின் அவையில் பணியாற்றிய அப்பெரும் பொறியாளர் 1206இல் நிறைவு செய்த நூலில் நீர்க்கடிகாரங்களோடும் நீரிறைக்கும் எந்திரங்களோடும் எழுத்துகள் பொறித்த வட்டுகளைத் திருப்பித் திறக்கும் பெட்டிப்பூட்டு ஒன்றையும் வரைந்து காட்டியுள்ளார். திறவுகோலே வேண்டாத பூட்டு அது! அவருக்கும் நெடுங்காலத்துக்கு முன்பே எகிப்தியர் மரப்பூட்டில் முளைகளை விழச் செய்து தாழைப் பிடித்து வைத்தனர். அவ்வழியையே 1860களில் அமெரிக்கராகிய லைனஸ் யேல் செம்மைப்படுத்திச் சிறிய தட்டைச் சாவிக்கு இசைவாக்கினார். நம் நாட்டிலும் திண்டுக்கல்லின் கைவினைஞர்கள் மாங்காய் வடிவில் செய்த பூட்டுகளை அறியாத பழைய வீடு ஏது? திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த நேரத்தில் அத்தொழிலில் கை வைத்திருந்தோர் முன்னைவிடக் குறைந்திருந்தனர் என்பதுதான் வருத்தம்.

வேலைக்கு வருவோம். மாணவர் இருவரை அழைத்துக் கதவை வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்தச் சொல்லி, அதே வேளையில் கைப்பிடியை இழுத்தார். மழைநீர் புகாமலிருக்கக் கதவைச் சுற்றிப் பதித்துள்ள ரப்பர் விளிம்பு கதவை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அத்தள்ளலால் கொடுக்கு பல்லின்மீது இறுகிக் கிடக்கும். கதவை அழுத்தினால் அவ்விறுக்கம் தளர்ந்து, பாதிப் பூட்டுகள் அந்த இடத்திலேயே திறந்துவிடும் என்பது அவர் பட்டறிவு. நம் பூட்டு திறக்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. "கைப்பிடி கனமாக வந்தால் பல் இறுகியிருக்கிறது என்று பொருள். இது கனமே இல்லாமல் வருகிறது. தண்டு கழன்றிருக்கிறது, ஐயா" என்றார்.

உள்ளே ஏறிப் படுக்கையை அகற்றினர். கதவின் உட்புறத்தை மூடியிருந்த அட்டையைப் பெயர்க்க வேண்டும். அதற்கு அவர் பயன்படுத்திய கருவி ஒரு கரண்டிக்காம்பு, துணி சுற்றியது. அட்டையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பொத்தான்களை ஒவ்வொன்றாக, அவற்றின் அருகிலேயே நெம்பினார். நடுவில் பிடித்து இழுத்தால் அட்டை கிழியும். அட்டை விலகியதும் உண்மை தெரிந்தது. கம்பித்தண்டைக் கைப்பிடியோடு இணைக்கும், பட்டாணி அளவேயுள்ள பிளாஸ்டிக் கிளிப் இரண்டாகப் பிளந்து, கதவின் அடியில் விழுந்து கிடந்தது. பூட்டு முழுவதையும் மாற்றச் சொன்னார்களே, அதற்குரிய நோய் இதுதான்.

எனினும் கிளிப் ஏன் உடைந்தது? அவர் ஸ்க்ரூட்ரைவரால் பல்லைத் தள்ளிப் பார்த்தார். அது அசைய மறுத்தது. கடற்காற்றின் உப்பும், தெருப்புழுதியும், பழைய கிரீஸும் சேர்ந்து பிசின்போல் உறைந்திருந்தன. பல் இறுக இறுக மக்கள் கைப்பிடியை ஓங்கி இழுத்தனர்; இழுத்த வலிமையெல்லாம் அந்தப் பட்டாணியின்மேல் விழுந்தது. மருந்துக்கடையில் வாங்கிய ஊசிக்குழலால் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சிவிட்டுக் காத்திருந்தார். அதற்குள் அஸர் பாங்கு ஒலித்தது. தொழுது திரும்பி வந்து மீண்டும் தள்ளியபோது 'தக்' என்ற ஓசையுடன் கொடுக்கு விடுபட்டது. கதவைத் தாங்கும் வாயுத்தண்டுகள் தளர்ந்திருந்தமையால் அது தலையில் விழாதபடி ஒருவர் மூங்கில் கழியால் முட்டுக் கொடுத்தார்.

அங்கே நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, கையில் இத்தனை தொழில் இருக்கும்போது தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டார். அவ்வினா நமக்கு உவப்பாக இல்லை. நம் துறை தோன்றிய நாள்தொட்டு ஏதேனும் ஒரு வடிவில் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். மாணவர் சிரித்துவிட்டுக் கதவின் அடிவிளிம்பில் இருந்த சிறு துளைகளைக் குத்திவிடத் தொடங்கினார். மழைநீர் வடிவதற்கென்று அமைந்த துளைகள் அவை. மண் அடைத்துக் கிடந்ததால் நீர் உள்ளேயே தேங்கியிருந்தது. குத்தியதும் அரைக் குவளைக் கறுப்பு நீர் ஒழுகிற்று.

கிளிப்புக்குப் பதிலாக இப்போதைக்குக் கட்டுக்கம்பி சுற்றலாமே என்று ஓட்டுநர் காக்கா கூறினார். மாணவர் உடன்படவில்லை. "கம்பி இன்று திறக்கும், காக்கா. எந்த இரவில் அவிழும் என்று சொல்ல முடியாது" என்றார். மதுரையிலிருந்து கிளிப் திங்கட்கிழமை வந்தது. விலை 20 ரூபாய்க்கும் குறைவு. பூட்டைக் கழற்றித் துடைத்து, கொடுக்கிலும் பல்லிலும் புதிய கிரீஸை மெல்லிதாகத் தடவினார். சாவித்துளைக்கு மட்டும் எண்ணெய் விடவில்லை. எண்ணெய் புழுதியைப் பிடித்துவைக்கும் என்பதால் கிராஃபைட் தூளை ஊதிவிட்டார். பிறகு செய்ததுதான் நமக்கு மிகப் பிடித்தது. கதவைத் திறந்த நிலையிலேயே வைத்து, ஸ்க்ரூட்ரைவரின் தண்டைக் கொடுக்குக்குள் அழுத்திப் பூட்டினார், கைப்பிடியால் திறந்தார். இருபது முறை இவ்வாறு செய்து பார்த்த பின்னரே கதவை மூட விட்டார். சரிபார்க்காமல் மூடியிருந்தால் மீண்டும் உள்ளே தவழ வேண்டியிருக்கும்.

உள்ளிருந்து திறப்பதற்கு அக்கதவில் கைப்பிடியே இல்லை. அதனால் பல்லைத் தூக்கும் நெம்பில் ஒரு சிவப்பு நைலான் கயிற்றைக் கட்டி, அட்டையில் துளையிட்டு வெளியே விட்டார். அதனருகில் ஓர் அறிவிப்பு வேண்டும் என்றனர். நிருவாகத்தார் எழுதிக் கொடுத்த வாசகம், 'அவசர காலங்களில் பின்புறக் கதவினைத் திறக்கும் பொருட்டு மேற்படி கயிற்றினைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று இருந்தது. மாணவர் அதை ஒருமுறை உரக்கப் படித்தார். பிறகு காகிதத்தைத் திருப்பி, 'கதவு திறக்காவிட்டால் இந்தச் சிவப்புக் கயிற்றை உங்கள் பக்கம் இழுக்கவும்' என்று எழுதினார். 'உங்கள் பக்கம்' தேவையா என்று செயலாளர் கேட்டார். பதற்றத்தில் இருப்பவர் கீழ்நோக்கி இழுப்பார், கீழ்நோக்கி இழுத்தால் பல் தூக்காது, ஆகவே தேவை என்றார் மாணவர். முன்பு வினவிய பெரியவர் தம் மூக்குக்கண்ணாடியை அணிந்து இரண்டு வாசகங்களையும் படித்துப் பார்த்துவிட்டு, இரண்டாவதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார்.

அட்டை நனையாதிருக்க மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறார்கள். மசகிடும் நாளை ஓட்டுநர் காக்கா வண்டியின் நாட்குறிப்பேட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனக் குறித்து வைத்திருக்கிறார். முதல் தவணை ரபீஉல் அவ்வலில் முடிந்தது.