சூலியா தெருவில் வாங்கிய வழிகாட்டி

தைப்பூசத்திற்குப் பினாங்கு வராத தோட்டக் குடும்பம் உண்டா? கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் பஸ் பிடித்து, பட்டர்வொர்த்தில் படகேறி, தண்ணீர்மலை முருகனைக் காண வருகிறோம். 513 படி ஏறிக் கும்பிட்டுவிட்டு, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, இறங்கி வீடு திரும்புகிறோம். ஆனால் அந்தக் கோயிலுக்குப் பின்னால் பச்சைப் பசேலென்று ஒரு மலைத்தொடர் நிற்கிறதே, அதற்குள் கால் வைத்தவர் நம்மில் எத்தனை பேர்?

"தினமும் பால்மரத்துக்கு மரம் நடந்து நடந்து கால் தேய்ந்துபோச்சு. லீவு நாளிலுமா நடக்கணும்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் வேலைக்கு நடப்பது வேறு, நம் விருப்பத்துக்கு நடப்பது வேறு. ஒரு காலத்தில் பினாங்கு மலை வெள்ளைக்காரத் துரைமார் குளிர் காய்ந்த இடம். அவர்களை நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏற்றிவிட்டவர்கள் கூலிகள். 1923-இல் கட்டி முடித்து அடுத்த ஆண்டு திறந்துவைத்த மலை ரயில்தான் அந்தச் சுமையை இறக்கிவைத்தது. இன்று அந்த மலை யாருக்கும் பொது. நம் பிள்ளைகள் அதில் உரிமையோடு ஏறி இறங்க வேண்டாமா?

ஏறலாம். ஆனால் வழி தெரிந்து ஏற வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழிகாட்டிப் புத்தகம் வேண்டும். அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நீங்களும் அப்படிப் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தெருவின் கதை

படகுத் துறையில் இறங்கி நடந்தால் சில நிமிடங்களில் சூலியா தெரு வந்துவிடும். கடலோரம் உள்ள அதன் முனையைக் 'காட் லெபோ சூலியா' என்பார்கள். காட் என்றால் நம்முடைய படித்துறைதான். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த சொல். சூலியா என்று அழைக்கப்பட்டவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றிய காலத்திலேயே அவர்கள் இந்தக் கரையில் தொழில் செய்தவர்கள்.

தெருவில் நடந்து பாருங்கள். கிங் தெரு மூலையில் நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு தர்கா. சற்றுத் தள்ளி, 1801-இல் காதர் முகைதீன் தலைமையில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பக்கத்து ராணித் தெருவில், 1833-இல் கோயிலாக எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இத்தகைய தெருக்களும் காரணம்.

இதே தெருவுக்கு இன்னொரு முகமும் உண்டு. எழுபதுகளில் முதுகில் மூட்டையோடு நாடு சுற்றிய வெள்ளைக்கார இளைஞர்கள் மலிவான அறை தேடி இங்கேதான் வந்தார்கள். டோனி வீலரும் மவுரீனும் குறைந்த செலவில் தென்கிழக்காசியாவைச் சுற்றுவதற்கு மஞ்சள் அட்டை போட்ட ஒரு வழிகாட்டியை 1975-இல் வெளியிட்டார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் பலர். ஊர் திரும்பும்போது சுமையைக் குறைக்கப் புத்தகங்களை விற்றுவிட்டுப் போவார்கள். அதனால் இந்தத் தெருவில் பழைய புத்தகக் கடைகள் முளைத்தன. தெருவின் மறுமுனையில் பினாங்கு ரோட்டுக்குத் திரும்பினால் சௌராஸ்தா மார்க்கெட். அதன் மாடியிலும் பழைய புத்தக வியாபாரம் பேர்போனது.

ஐந்து வெள்ளிப் புத்தகம்

2018-ஆம் ஆண்டு பள்ளி விடுமுறை. என் அக்காவும் அவர் பேத்தியும் வந்திருந்தார்கள். அக்கா முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவர். எழுத்து வாசனை இல்லை. பேத்திக்குப் பத்து வயது. மலைக்கு நடந்தே போகவேண்டும் என்று அவள் ஒரே பிடிவாதம்.

சூலியா தெருவில் ஒரு பழைய கடையில் ஐந்து வெள்ளி கொடுத்து ஒரு நடைவழிப் புத்தகம் வாங்கினேன். வழவழப்பான தாள், அழகான படங்கள். அட்டையைப் பார்த்தே மயங்கிவிட்டேன். தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து கிளம்பும் காட்டுப் பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். 'எளிய பாதை, இரண்டு மணி நேரம்' என்று போட்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடித்து, மூன்று மணிக்குக் கிளம்பினோம்.

இரண்டு மணி நேரம் ஆகியும் பாதி வழிகூட வரவில்லை. ஓரிடத்தில் புத்தகம் சொன்ன பாதையையே காணோம். மண் சரிந்து, மரம் விழுந்து, புதர் மண்டிக் கிடந்தது. 2017 நவம்பரில் அடித்த பெரும் புயல்மழையில் பினாங்கு மலை பல இடங்களில் சரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். என் புத்தகத்துக்கு அது தெரியவில்லை.

நான் வலப்பக்கம் ஒரு தடத்தைப் பார்த்து, "இப்படிப் போனால் சேர்ந்துகொள்ளும்" என்றேன். அக்கா நகரவில்லை. புத்தகத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்: "தம்பி, இதை எழுதுனவரு எப்ப இங்க நடந்தாரு?"

புரட்டிப் பார்த்தேன். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அச்சிட்டு இருபத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது!

"பிள்ளையை வச்சுக்கிட்டு இனி ஒரு அடி முன்னால வேண்டாம். வந்த வழி நமக்குத் தெரியும். அதுலயே திரும்பு" என்றார் அக்கா. சரிவில் பேத்தி வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. ஆறரை மணிக்கே மரத்தடியில் இருட்டிவிட்டது. என் கையில் விளக்கில்லை. விடிவதற்கு முன்னே பெரட்டுக்குப் போய்ப் பழகிய அக்காதான் முன்னால் நடந்தார். ஓடைச் சத்தம் இடக்கைப் பக்கமே இருக்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லி எங்களை இறக்கிக்கொண்டு வந்தார். ரோட்டு விளக்கைக் கண்டபோது பேத்தி என் கையை விடாமல் அழுதாள். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

பழைய புலவர் சொன்ன புத்தி

நடைவழிப் புத்தகம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை. நம் பத்துப்பாட்டில் ஆற்றுப்படை என்றொரு வகை இருக்கிறது. ஆறு என்றால் வழி. வள்ளலைக் கண்டு பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், வழியில் எதிர்ப்படும் இன்னொருவனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படையில் கடற்கரை வழி வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் கலங்கரை விளக்கமே வருகிறது.

மலைக்கு மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. நன்னனுடைய செங்கண்மா நகருக்குப் போகும் வழி அதில் இருக்கிறது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் அது. எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் வந்து விழும், எந்த இடத்தில் பாதை வழுக்கும், இரவில் எங்கே தங்கலாம், என்ன சாப்பிடக் கிடைக்கும் என்று ஒன்று விடாமல் வருகிறது. பாதை பிரியும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்றும் சொல்கிறார் புலவர்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. வழி சொல்கிறவன் அப்போதுதான் அந்த வழியில் நடந்து திரும்புகிறவன்! எழுத்தறியாத என் அக்கா கேட்ட கேள்விக்கு ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே பதில் இருக்கிறது.

இங்கிலாந்தில் வெயின்ரைட் என்றொருவர் இருந்தார். நகராட்சி அலுவலகத்தில் கணக்கு வேலை. கார் ஓட்டத் தெரியாது. விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் போய் 214 குன்றுகளில் நடந்து, கையாலேயே எழுதி, கையாலேயே படம் வரைந்து, 1955 முதல் 1966 வரை ஏழு புத்தகங்கள் வெளியிட்டார். அவ்வளவு கவனமாக எழுதியவருடைய புத்தகங்களையும், பாதைகள் மாறிவிட்டதால் பிற்காலத்தில் இன்னொருவர் நடந்து பார்த்துத் திருத்தவேண்டி வந்தது.

வாங்குமுன் பாருங்கள்

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனைகள் இவை.

முதலில் ஆண்டு. முதற் பதிப்பு எது, திருத்திய பதிப்பு எது என்று பாருங்கள். வெறுமனே மறுபடி அச்சடித்தது திருத்தமாகாது.

அடுத்து, உங்களுக்குத் தெரிந்த இடத்தைத் தேடிப் படியுங்கள். தண்ணீர்மலையில் 2012-இல் குடமுழுக்குக் கண்ட மேல்கோயில் இல்லையென்றால் புத்தகம் அதற்கு முந்தியது. தெலுக் பஹாங் காட்டைத் தேசியப் பூங்கா என்று சொல்லாவிட்டால் 2003-க்கு முந்தியது. தெரிந்த இடத்தில் தவறு செய்கிற புத்தகத்தைத் தெரியாத இடத்தில் நம்பலாமா?

மூன்றாவது, வரைபடம். இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர் என்றால் ரோட்டுக்குப் போதும். காட்டுப் பாதைக்கு நான்கு சென்டிமீட்டராவது வேண்டும். உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமம். கோடே இல்லாத படம் மலைக்கு உதவாது.

நான்காவது, நேரக் கணக்கு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி; ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி. தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் ரோட்டில் பினாங்கு மலைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், 700 மீட்டர் ஏற்றம். அப்படியானால் இரண்டேகால் மணி வருகிறது. அது குளிர் நாட்டுக் காளையரின் கணக்கு. நம் வெயிலுக்கும் குழந்தைகளுக்கும் பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஏற்றத்தைச் சொல்லாமல் தூரத்தை மட்டும் சொல்கிற புத்தகத்தை வைத்துவிடுங்கள்.

ஐந்தாவது, கடலோரம் நடப்பதானால் அந்தப் புத்தகம் வற்று, பெருக்கைப் பற்றிப் பேசுகிறதா? சுமார் ஆறு மணிக்கொரு முறை கடல் ஏறி இறங்கும். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். காலையில் நடந்த மணல் சாயங்காலம் தண்ணீருக்குள் இருக்கலாம்.

ஆறாவது, கனம். படம் பார்க்கும் புத்தகம் வீட்டில் இருக்கட்டும். சட்டைப் பையில் அடங்குவதே வழிக்குத் துணை.

நம் தமிழில் இத்தகைய புத்தகங்கள் குறைவு என்று சோர வேண்டாம். புக்கிட், சுங்கை, தெலுக், தஞ்சோங் எல்லாம் நமக்குப் பழகிய சொற்கள். குன்று, ஆறு, குடா, முனை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வீடே சேர்ந்து கேட்கட்டும். எல்லாருக்கும் வழி தெரிந்திருக்கட்டும்.

எங்கே தொடங்குவது?

முதல் நடை நகரத்துக்குள்ளேயே இருக்கட்டும். கூ சூ நின் 1993-இல் வெளியிட்ட ஜார்ஜ் டவுன் தெருக்கள் பற்றிய நூல் கிடைத்தால் விடாதீர்கள். கட்டடங்கள் காட்டுப் பாதைபோல் சரிவதில்லை. பழைய நூலும் நின்று உதவும்.

அடுத்தது கடலோரம். படகுத் துறையிலிருந்து 101-ஆம் எண் பஸ் தெலுக் பஹாங்குக்குப் போகும். தேசியப் பூங்கா வாசலில் பெயர் பதிய வேண்டும். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அங்கேயே கேளுங்கள். மூன்று, மூன்றரை கிலோமீட்டரில் கெராச்சுட் கடற்கரை. ஆமைகள் முட்டையிட வரும் இடம். நன்னீர் மேலும் உப்பு நீர் கீழுமாகக் கலக்காமல் நிற்கும் அதிசயக் குளமும் அங்கே உண்டு. வேறு பாதையில் போனால் 1883-இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம்.

அதற்குப் பிறகு மலை. முதல் தடவை ஜீப் ரோட்டில் ஏறி ரயிலில் இறங்குங்கள். விடியற்காலையில் புறப்படுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு கைவிளக்கு, ஒரு விசில் போதும். எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

என் ஐந்து வெள்ளிப் புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கிழித்தெறியலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதியைப் போட்டு, 'இங்கே பாதை சரிந்துவிட்டது, திரும்பிவிடுங்கள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதினேன். சூலியா தெருவுக்குப் போய், வாங்கிய கடையிலேயே சும்மா கொடுத்துவிட்டு வந்தேன். பின்னால் வருகிறவருக்காகப் புல்லை முடிந்துவைத்தது போல என்று மனதுக்கு ஒரு ஆறுதல்.

அடுத்த தைப்பூசத்திற்கு வரும்போது ஒரு நாள் கூடத் தங்குங்கள். அக்காவின் பேத்தி இப்போது வளர்ந்துவிட்டாள். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் அந்தச் சின்ன எழுத்துப் பக்கத்தைத்தான் புரட்டுகிறாள்.