பழையாறு ஓரமா ஒரு நடராஜா சர்வீஸ்!

சனிக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா எங்க கேங் ஒழுகினசேரி பாலத்துல ஆஜர். பழையாறு போற திசையிலயே சுசீந்திரம் வரைக்கும் நடை. ஒரே ஒரு கண்டிஷன்... பைக் கூடாது!

ஒழுகினசேரி, 1908-ல் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த மண்ணாச்சே! பாலத்துலயே கடி ஜோக்குகள் ஆரம்பிச்சுடும். ஆத்தைப் பார்த்தாதான் சிரிப்பு நிக்கும். ஆகாயத்தாமரை, சாக்கடைனு மூக்கைப் பொத்த வைக்கிற இடங்கள் உண்டு. டவுனைத் தாண்டினா வயல், தென்னை, கொக்குனு சீன் மாறிடும்.

தாணுமாலயன் கோயிலோட 134 அடி கோபுரம் தெரிஞ்சதும் எல்லாருக்கும் வேகம் கூடும். பக்தி பாதி, ரசவடை மீதி!

போன வாரம் டீக்கடையில ஒரு தாத்தா, ''எங்க மக்ளே போறிய?''னு கேட்டார்.

''சும்மா நடக்கோம் தாத்தா.''

''இந்தத் தெருவுல சும்மா நடக்கதுக்கே ஒரு காலத்துல போராடணும், தெரியுமா?''

நிஜம்தான். கோயிலைச் சுத்தியுள்ள தெருக்கள்ல ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கவே தடை. அதை எதிர்த்து 1926-ல் டாக்டர் எம்.இ.நாயுடு தலைமையில சத்தியாகிரகம் நடந்திருக்கு. கோயிலுக்குள்ள எல்லாரும் போக வழி பிறந்தது, 1936 நவம்பர் 12-ம் தேதி வந்த திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்கு அப்புறம்தான்.

''மக்கா, நம்ம ஏழு பேர்ல அன்னைக்கு எத்தனை பேரை இங்க விட்டிருப்பாங்க?''னு கேட்டான் ஒருத்தன். யாரும் வாயைத் திறக்கலை. டீ ஆறிப்போச்சு.

இப்ப கண்டிஷன் ரெண்டு. ரதவீதியை முழுசா ஒரு சுத்து சுத்தின பிறகுதான் பஸ் ஏறணும். ஏழு பேரும் சேர்ந்து!